கறாராகச் சொல்லத் தெரியாதவள்

'கறாராக' என்ற சொல்லை வைத்து மூன்று வாக்கியங்கள் எழுதி வரும்படி கயலின் தமிழ்ப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கயல் என் ஒரே மகள், பதினைந்து வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். ஹைஸ்கூலில் கிரெடிட் கிடைக்கும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

"அம்மா, வாட் டஸ் கறாராக மீன்?"

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "ஒண்ணு சொன்னா அதுலயே நிக்கறது. கத்தாம, கோபப்படாம, எதிராளி எவ்வளவு கெஞ்சினாலும் எறங்கி வராம. உன் பர்மிட்டுக்குப் போனப்ப லைசன்ஸ் ஆபீஸ்ல ஒரு அம்மா, பேப்பர் ஒண்ணு கொறையுதுன்னு சிரிச்சுட்டே நம்மளத் திருப்பி அனுப்புனாங்கல்ல, அது மாதிரி."

"காட் இட்" என்று எழுத ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். லைசன்ஸ் ஆபீஸ் அம்மா கறாராகப் பேசினார். என் வாலிபால் கோச் கறாராக விதிகளைச் சொல்வார். இரண்டும் சரி. மூன்றாவது வாக்கியம்: றெஜினா ஆன்ட்டி கறாராகச் சொன்னால் அப்பா கேட்பார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், அம்மா கறாராச் சொல்றதில்லையா?"

கயல் பேனாவை வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தாள். அதுதான் இன்னும் வலித்தது. "நோ அம்மா. யூ ஜஸ்ட் யெல். தென் யூ கிவ் இன்."

றெஜினா யார் என்று சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும்.

என் கணவர் மயில்சாமி ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் பைப்லைன் இன்ஜினியர். ஐம்பத்திரண்டு வயது. கடந்த மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸ் லிஃப்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த இடத்தில் முளைத்தவள்தான் றெஜினா. யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட மூன்று வயது இளையவள். இதய நோயாளிகளை நடக்க வைப்பது அவள் வேலை. வேலை நேரம் போக, நாங்கள் குடியிருக்கும் சுகர் லேண்ட் ஊரில் ஸ்டென்டும் பைபாஸும் ஆன தமிழர்களைச் சேர்த்து ஒரு நடைக் குழுவும் நடத்துகிறாள். மொத்தம் பதினொரு பேர்.

அந்தக் குழுவுக்கு மூன்று விதிகள். காலை ஐந்தே முக்காலுக்கு ஏரிக்கரைப் பூங்காவில் நடை தொடங்கும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைக்குத் தனியாகத்தான் நடக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வேளையும் சாப்பிடும் முன் தட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் றெஜினாவுக்கு அனுப்ப வேண்டும். 'சரி' என்றோ 'கூடிப்போச்சு' என்றோ அவளிடமிருந்து ஒரு சொல் வரும். வந்த பிறகுதான் கை வைக்கலாம். மூன்றாவது, தட்டு விஷயத்தில் பொய் சொன்னவருக்குக் குழுவில் இடமில்லை.

இரண்டாவது விதிதான் என் வயிற்றில் நெருப்பை வைத்தது. நான் சமைத்துப் பரிமாறிவிட்டு நிற்பேன். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், சாப்பாட்டையும் பார்க்க மாட்டார், போனைப் பார்ப்பார்.

"ஏனுங்க, ஆறிப்போகுதுங்க."

"இரு சாரதா. றெஜினா இன்னும் பாக்கல."

"பாக்காட்டி என்ன? ரெண்டு இட்லிதான இருக்குது?"

"அதெல்லாம் முடியாது புள்ள. கறாராச் சொல்லிப்போட்டாங்க."

பத்தொன்பது வருஷம். உப்பைக் குறைங்க, ராத்திரி பரோட்டா வேண்டாங்க, கொஞ்சம் நடங்க என்று நானும்தான் தொண்டை வற்றச் சொன்னேன். ஒருநாளாவது கேட்டாரா? சிரிப்பார். "உம்பட கையால ஒரு வாய்" என்பார். நான் உருகிப்போய் இன்னொரு கரண்டி வைப்பேன். இன்று எவளோ ஒருத்தி ஒற்றைச் சொல்லை அனுப்பினால் வாத்தியார் முன் நிற்கும் பையனைப் போல நிற்கிறார்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன். அந்த மாதிரிச் சந்தேகம் எதுவும் கிடையாது. அவள் இவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுகிறாள், அவள் கணவர் இளங்குமரனும் கூடவே நடக்கிறார். சந்தேகமாக இருந்திருந்தால் ஒரு சண்டையில் தீர்த்திருப்பேன். இது வேறு. என் வீட்டுச் சோற்றுக்கு இன்னொருத்தி மார்க் போடுகிறாள், என் புருஷன் அந்த மார்க்குக்காகக் காத்திருக்கிறார். என் மகள் அதைப் பார்த்து வாக்கியம் எழுதுகிறாள். பற்றிக்கொண்டு வராதா?

ஜூன் மாதம் ஒரு நாள், சாமைச் சோறும் பாசிப்பருப்பும் வேகவைத்த பீன்ஸும் வைத்தேன். படம் போனது. 'சரி' வந்தது. ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, மருந்து விழுங்குகிறவரைப் போல மென்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே ஒரு குரூரமான சந்தோஷமும் வந்தது. பார்த்தாயா, உன் றெஜினாவால் சட்டம்தான் போட முடியும், ருசி போட முடியுமா?

மறுநாள் சாமைச் சோற்றுக்கு அடியில் அரை ஸ்பூன் நெய் விட்டேன். அடியில் இருந்தால் படத்தில் தெரியாது.

ஒரு வாய் வைத்ததும் அவர் தலை நிமிர்ந்தது. "சாரதா! அதே சாமைதான? இன்னிக்கு என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலீங்க. கொஞ்சம் வறுத்துட்டு வேகவெச்சேன்."

"உம்பட கைக்கு டயட்டும் ருசிக்குது புள்ள" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார் தெரியுமா? அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அரை ஸ்பூன் ஒன்றானது, ஒன்று இரண்டானது. சப்பாத்தி மாவிலேயே நெய்யைப் போட்டுப் பிசைந்துவிட்டு, சுடும்போது ஒரு சொட்டுக்கூட விட மாட்டேன். படத்தில் சப்பாத்தி வறண்டு கிடக்கும். பருப்பில் கெட்டியான தேங்காய்ப் பால் போகும். பால் ஊற்றியதா, பருப்பே அந்த நிறமா என்று படம் பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வேளையும் 'சரி' வரும்போது, நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பேன். சொல்லம்மா சொல்லு, நன்றாகச் சொல்லு.

இவர் குழுவில் போய்ப் பெருமையடித்திருக்கிறார். றெஜினாவே ஒருநாள் எழுதிவிட்டாள்: 'சாரதா அக்கா, உங்கட சாமைச் சோற்றின்ர செய்முறையை எல்லாருக்கும் போடுங்கோ.' அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். என்னிடம் கேட்கிறாள்! வறுப்பது, ஊறவைப்பது, பெருங்காயம், சீரகம் என்று விலாவாரியாக எழுதி அனுப்பினேன். நெய்யைத் தவிர எல்லாம் இருந்தது. செய்து பார்த்த பத்துப் பேரும் உங்கள் பக்குவம் வரவில்லையே என்று அங்கலாய்த்தார்கள். கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, என்று பதில் போட்டேன். வெட்கமே இல்லாமல் போட்டேன்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. நான் கெட்டவளா என்று கேட்டால், அப்போது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஒரு ஸ்பூன் நெய்யில் என்ன வந்துவிடப் போகிறது, அவர்தான் தினமும் நடக்கிறாரே, மாத்திரை சாப்பிடுகிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் யாரிடமும் கறாராக இருந்ததில்லை, என்னிடம்கூட.

ஆகஸ்ட் கடைசியில் இரத்தப் பரிசோதனை. கெட்ட கொழுப்பு தொண்ணூற்றாறிலிருந்து நூற்று அறுபத்தெட்டுக்கு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை மாதத்தில் இறங்கவில்லை என்றால் மறுபடி ஆஞ்சியோ பார்க்க வேண்டும் என்றார்.

சனிக்கிழமைகளில் நடை முடிந்ததும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளைப் பார்ப்பது அந்தக் குழுவின் வழக்கம். அன்று இவருடைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த றெஜினா, போனில் மூன்று மாதத் தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். பிறகு சொன்னாளாம்: "அண்ணை, நீங்கள் படத்துக்கு ஒண்டு, வயித்துக்கு ஒண்டு எண்டு ரெண்டு தட்டு வைச்சிருக்கிறியள். நாளையில இருந்து வரவேண்டாம்."

இதை இவர் என்னிடம் சொன்னது காலணியைக் கழற்றியபடி, தரையைப் பார்த்து. "பதினோரு பேரு முன்னாடி, சாரதா. நான் திருட்டுத்தனமா ஒரு பிஸ்கட் தின்னிருந்தாக்கூடத் தலையக் குனிஞ்சுட்டு வந்திருப்பேன். தின்னவே இல்லியே!"

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். போய்ச் சமைத்தேன். மனசு நொந்து வந்திருக்கிறாரே, ஒரு வாய் ருசியாகச் சாப்பிடட்டும் என்று தோன்றியது. அவர் தட்டைப் படம் பிடிக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக, வைத்ததும் கை வைத்தார். அதைப் பார்த்து எனக்கு உள்ளே எங்கேயோ இனித்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரத்தில்தான் அவர் வீட்டைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். பத்து வருஷமாக நான் குடியிருக்கிற வீட்டை.

"சாரதா, இங்க வா. இதான் மெயின் வால்வு. ஃப்ரீஸ் வந்து பைப்புல தண்ணி ஒறஞ்சுச்சுன்னா மொதல்ல இத வலப்பக்கம் திருப்பி மூடீரோணும்." இன்னொரு நாள் கயலைக் கூப்பிட்டு கராஜ் கதவு கரண்ட் போனால் கையால் எப்படித் திறப்பது என்று காட்டினார். ஏசி ஃபில்டரின் அளவை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார்.

"இதெல்லாம் இப்ப என்னத்துக்குங்க?"

"தெரிஞ்சு வெச்சுக்க. சோத்தையும் கொறச்சு, நடந்தும் ஏறுதுன்னா, என்ற ஒடம்போட வாகே அப்படித்தான் போல. எங்கப்பாவும் அம்பத்தி மூணுலதான போனாரு." சாதாரணமாகத்தான் சொன்னார், ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே.

இந்த மனுஷன் சாவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார், அதற்குக் காரணம் தன் உடம்பு என்று நம்பிக்கொண்டு.

அன்றே நெய் டப்பாவைக் கவிழ்த்தேன். ஆனால் நெய்யை நிறுத்தினால் போதுமா? அவரை மறுபடி நடக்க வைக்க வேண்டும். தப்பு அவர் உடம்பில் இல்லை என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவள் நான். எனக்கோ தைரியம் இல்லை. யோசித்து யோசித்து, கடைசியில் யார் முகத்தைப் பார்க்கவே பிடிக்காதோ அவளிடமே போனேன்.

காலை ஐந்தரைக்கே பூங்காவில் நின்றேன். விடிவதற்குள்ளேயே டெக்சாஸ் புழுக்கம் சட்டையை ஒட்டவைத்தது. றெஜினா காரிலிருந்து இறங்கினாள். இடுப்பில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் சின்னச் சிலுவை. தனியாகக் கூட்டிப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"நெய்யோ?" என்றாள். "எவ்வளவு காலமா?"

"மூணு மாசம். தேங்காய்ப் பாலும்."

"ஏன் அக்கா?"

உங்கள்மேல் பொறாமை என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் முகத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை.

"நான் அண்ணையை எல்லாருக்கும் முன்னால பொய்யர் எண்டு சொல்லிப்போட்டன். அது என்ர பிழை. எல்லாருக்கும் முன்னாலயே மன்னிப்புக் கேப்பன். ஆனா முதல்ல நீங்கள் அவரிட்டச் சொல்ல வேணும்."

"நீங்களே சொல்லீருங்களேன், றெஜினா. அவரு ரிப்போர்ட்ல ஏதோ தப்பு நடந்துபோச்சு, மெஷின் தப்புன்னு... நீங்க சொன்னா நம்பிருவாரு."

"இல்லை அக்கா."

"குடும்பம் கெட்டுப்போகுமுங்க."

"விளங்குது. ஆனா நான் சொல்ல மாட்டன். பொய்யும் சொல்ல மாட்டன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. என் கையைத் தட்டிக்கூடக் கொடுத்தாள். சொன்ன சொல்லில் மட்டும் இம்மி அசையவில்லை. மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த அர்த்தம் அப்படியே என் எதிரில் நின்றது. இப்படி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பரோட்டாத் தட்டின் முன்னால் என்னால் நிற்க முடிந்திருந்தால் அந்த லிஃப்டில் அவர் உட்கார்ந்திருக்க மாட்டாரோ என்னவோ. அப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமை தீரவில்லை, இன்னும் கூடித்தான் போனது.

"அஞ்சே முக்காலாகுது" என்று மணியைப் பார்த்துவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சொன்னேன். அவர் சின்ன ஏணியில் நின்று ஏசி ஃபில்டரை மாட்டிக்கொண்டிருந்தார். கயல் தமிழ்ப் பள்ளிக்குப் போயிருந்தாள். கீழே நின்று, ஏணியைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சாமைக்கு அடியில், சப்பாத்தி மாவில், பருப்பில்.

அவர் இறங்கினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் அழுது, கெஞ்சி, ஏதாவது செய்திருப்பேன்.

"அந்தச் சனிக்கிழம," என்றார். "பதினோரு பேரு முன்னாடி நின்னுட்டு வந்து உங்கிட்டச் சொன்னேனே. அன்னிக்கு மத்தியானமும் போட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "போட்டேனுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். பழைய ஃபில்டரை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து கை கழுவினார். அவ்வளவுதான்.

றெஜினா சொன்னபடி செய்தாள். அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும், "அண்ணை பொய் சொல்லேல்ல, நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன், என்னை மன்னிக்க வேணும்" என்றாள். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் வந்து நடக்கச் சொன்னாள். கடைசி ஆளாக நானும் நடக்கிறேன். நடை முடிந்ததும் அவள் வேகவைத்த கொண்டைக்கடலையைக் காகிதக் கப்பில் போட்டு எல்லோருக்கும் கொடுப்பாள். இவர் வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்கிறார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

தட்டைப் படம் பிடிப்பதை அவர் விட்டுவிட்டார். அதற்குப் பதில் சமையலறைக்கு வருகிறார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் வராத மனுஷன், இப்போது நான் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தால் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார். எண்ணெய்க்கு ஒரு ஸ்பூன் வாங்கி வைத்திருக்கிறார். நான் அதில் ஊற்றுவேன், அவர் பார்ப்பார், பிறகுதான் அது வாணலிக்குப் போகும். மாவு பிசையும்போது என் விரல்களைப் பார்க்கிறார். மூடி போட்டு வைத்தால் வந்து திறந்து பார்க்கிறார். கோபமாக ஒரு சொல் இல்லை. "உப்பு போட்டாச்சா?" என்பார், "ம்" என்பேன்.

ஒருநாள் கயல் உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ஆவ், குக்கிங் டுகெதர்! ஸோ க்யூட்!" என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அக்டோபரில் ரிப்போர்ட் வந்தது. நூற்றுப் பத்து. டாக்டர் ஆஞ்சியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. காரில் வரும்போது, "நல்லதாப் போச்சுங்க" என்றேன். "ஆமா" என்றார். ஃப்ரீவேயில் ஏறியதும் ரேடியோவைப் போட்டார். ஆனாலும் இத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். எண் இறங்கிவிட்டது, இனி என்ன?

மறுநாள் அவருக்குக் காலை ஏழு மணிக்கே மீட்டிங். நடைக்குக்கூடப் போகாமல் மேலே அறையில் லேப்டாப்பில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார், சமையலறைக்கு இறங்கி வரவில்லை. நான் எழுந்து சாமையை வேகவைத்தேன், பீன்ஸை வதக்காமல் வேகவைத்தேன், பருப்பில் பருப்பும் தண்ணீரும் உப்பும் மஞ்சளும் தவிர வேறெதுவும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் சமைத்ததில்லை. டிபன் பாக்ஸில் அடைத்து வாசலில் கொடுத்தேன். "தேங்க்ஸ் புள்ள" என்று வாங்கிக்கொண்டு போனார். அந்தப் 'புள்ள'யைக் கேட்டு எத்தனை வாரம் ஆகியிருந்தது! அன்று நான் வீட்டு வேலைக்கு நடுவிலும் இரண்டு மூன்று தடவை அதை நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்து, பையிலிருந்து பாக்ஸை எடுத்து சிங்க் ஓரத்தில் வைத்துவிட்டு உடை மாற்றப் போனார். கழுவுவதற்காக எடுத்தேன். கனத்தது. திறந்தேன். காலையில் நான் வைத்த சோறு, நான் அழுத்திவிட்ட கரண்டித் தடம்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது.